ஊசியில் மரத்தது, பூசினால் மரக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலிகைச் சாற்றிலிருந்து வலி தெரியாமல் செய்யும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டதாக நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. செடியின் படம் இருக்கும். "விலங்குகளில் சோதித்து நிரூபிக்கப்பட்டது" என்ற வரி இருக்கும். மேலே பூசினாலே போதும், ஊசி வேண்டாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்து வரும். எந்த விலங்கில், உடம்பில் எந்த இடத்தில், எந்த வழியாக மருந்து போனது என்பது மட்டும் இருக்காது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் சாறு பூசப்படவே இல்லை, ஊசியால் தோலுக்குள் ஏற்றப்பட்டிருக்கிறது. தோலுக்குள் ஏற்றியது மரக்கச் செய்தால், தோலின் மேல் தடவியதும் அதையே செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சோதனை நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் இது விளங்கும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

ஸ்பைலாந்தஸ் அக்மெல்லா என்ற செடியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் குமிழ் போலப் பூக்கும். பூவைக் கடித்தால் எச்சில் ஊறி, நாக்கு சுருசுருத்து, பிறகு மரத்துப்போகும். பல்வலிக்கு இதை மெல்லும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இதன் நீர்ச்சாறு பற்றி ஓர் ஆய்வு 2010-இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபார்மகாலஜி இதழில் வந்தது. கினிப்பன்றியில் 10 சதவீதச் சாறு 70.36 சதவீத மரப்பும், 20 சதவீதச் சாறு 87.02 சதவீத மரப்பும் தந்தன. ஒப்பிடுவதற்காக வைத்த 2 சதவீத சைலோகைன் (லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தின் வணிகப் பெயர்) தந்தது 97.22. தவளையில் மரப்பு தொடங்கச் சாற்றுக்குச் சராசரியாக 5.33 நிமிடமும் சைலோகைனுக்கு 2.75 நிமிடமும் பிடித்தன. தலைப்பிலேயே இதை முதற்கட்ட ஆய்வு என்று குறித்துவிட்டார்கள், அந்த அளவில் அது நேர்மையான வேலை. வம்பு அந்த எண் செய்தித்தாளுக்குள் நுழையும்போது வருகிறது. "87 சதவீதம்" என்று படிப்பவர், நூறு பேரில் 87 பேருக்கு வலி போகும் என்று நினைப்பார், அல்லது வலியில் 87 பங்கு குறையும் என்று நினைப்பார். அந்த எண்ணுக்கு இந்த இரண்டு பொருளும் கிடையாது.

அது ஊசிக் குத்துகளின் கணக்கு. 1945-இல் எடித் பியூல்பிரிங், வாய்டா என்ற மருந்தியலாளர்கள் வகுத்த முறை இன்றைக்கும் நம் மருந்தியல் ஆய்வகங்களில் அப்படியே ஓடுகிறது. முதல் நாளே கினிப்பன்றியின் முதுகில் முடியைக் கத்தரித்து, சவரம் செய்து விடுவார்கள். மறுநாள் மெல்லிய ஊசியால் தோலின் அடுக்குக்குள்ளேயே 0.25 மி.லி. வரை மருந்தை ஏற்றினால் சிறு தடிப்பு எழும். அதைச் சுற்றி மையால் வட்டம் போட வேண்டும். தடிப்பு சீக்கிரம் அமுங்கிவிடும், வட்டம் இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் எங்கே குத்துகிறோம் என்றே தெரியாது. ஐந்து நிமிடம் கழித்து வட்டத்துக்குள் சில நொடி இடைவெளியில் ஆறு முறை குத்துவார்கள். உணர்வு இருந்தால் முதுகுத் தோல் வெடுக்கென்று துடிக்கும், அல்லது விலங்கு கத்தும். இப்படி 5 நிமிடத்துக்கு ஒரு முறை, 30 நிமிடம் வரை. ஆறு சுற்று, சுற்றுக்கு ஆறு குத்து, ஆக மொத்தம் 36. அதில் எத்தனை குத்துக்கு விலங்கு அசையவில்லையோ அதுதான் மதிப்பெண். 36-க்கு 35 என்றால் 97.22 சதவீதம். சைலோகைனின் எண் அப்படி வந்ததுதான். 20 சதவீதச் சாற்றின் 87.02 என்பது 36-இல் சராசரியாக 31-க்குச் சற்று மேல்.

இந்த மதிப்பெண்ணில் ஒரு குறை உண்டு. வேகமாகத் தொடங்கிச் சீக்கிரம் விடும் மருந்தும், மெதுவாகத் தொடங்கி நின்று பிடிக்கும் மருந்தும் ஒரே எண்ணைப் பெறலாம். அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்காமல், சுற்றுவாரியாக எண்களை வரைபடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். 30 நிமிடத்தோடு நிறுத்திவிட்டால் உணர்வு எப்போது திரும்பியது என்றும் தெரியாது. திரும்பவே இல்லை என்றால் அது மரப்பா, நரம்பு வெந்துபோனதா என்ற கேள்வி எழும். மரப்பு மருந்து என்று அழைக்க வேண்டுமானால் உணர்வு முழுதாகத் திரும்பியதையும் காட்டியாக வேண்டும். மறுநாளும் மூன்றாம் நாளும் அதே வட்டத்தைப் பார்த்து, சிவப்பு, வீக்கம், தோல் கறுத்தல் உண்டா என்று குறித்திருக்கிறார்களா என்பதைக் கட்டுரையில் தேடுங்கள். பல கட்டுரைகளில் அந்த வரி இருக்காது.

கினிப்பன்றியோடு பழகாதவர்கள் விழும் குழி வேறு. அது பயந்தால் ஓடாது, உறைந்து நின்றுவிடும். அப்படி நிற்கும்போது எங்கே குத்தினாலும் அசையாது. ஆய்வுக் குறிப்பேட்டில் அது முழு மரப்பாகப் பதிவாகிவிடும். இதற்கு மாற்று, சில நாள் முன்பிருந்தே கையில் எடுத்துப் பழக்குவது. சோதனையின் போதும் ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்துக்கு வெளியே ஒரு குத்து வைத்து, அங்கே துடிப்பு வருகிறதா என்று பார்ப்பது. வெளியே துடித்து உள்ளே துடிக்காவிட்டால்தான் கணக்கு. மேலும் முதுகு முழுக்க ஒரே கூர்மையான உணர்வு கிடையாது. நடுக்கோட்டை ஒட்டிய இடத்தில் அதிகம், விலாப் பக்கம் போகப் போகக் குறைவு. எல்லா விலங்கிலும் சாற்றை விலாப் பக்கமும் உப்புநீரை நடுவிலும் ஏற்றினால் சாறு தானாக ஜெயித்துவிடும். எனவே எந்தக் கரைசல் எந்த இடத்தில் என்பதை விலங்குக்கு விலங்கு மாற்றிச் சுழற்ற வேண்டும். முடி நீக்கும் கிரீமைச் சோதனை நாளன்றே தடவக் கூடாது. அது தோலை எரிச்சலாக்கி எல்லாக் குத்துக்கும் மிகையான துடிப்பைக் கொடுக்கும்.

குத்துபவருக்கு எந்த வட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது. தாவரச் சாற்றில் இது எளிதல்ல, தடிப்பே பழுப்பாகத் தெரியும். ஒருவர் ஊசி போட்டுவிட்டு அறையை விட்டுப் போவதும், இன்னொருவர் வந்து குத்துவதும் பாதித் தீர்வு. ஒப்பீட்டுக் கரைசலுக்கும் தீங்கற்ற நிறமூட்டி அதே பழுப்பைக் கொண்டுவருவது மீதிப் பாதி.

கணக்குப் பிழை ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு விலங்கு, தலைக்கு 36 குத்து, மொத்தம் 216 என்று பெருக்கி, 216 பேரைச் சோதித்தது போலப் புள்ளியியல் போடுகிறார்கள். ஒரே தோலில் ஒரே தடிப்பில் விழுந்த 36 குத்துகள் ஒன்றையொன்று சாராத சாட்சிகள் அல்ல. விலங்குக்கு ஒரு மதிப்பெண், ஆறு விலங்குக்கு ஆறு மதிப்பெண். அதை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். முடிவு தற்செயலானதல்ல என்று காட்டப் பயன்படுத்தும் பிரமாதமான பி-மதிப்புகளில் கணிசமானவை இங்கேயே கரைந்துபோகும்.

அடுத்து, ஊசிக்குள் இருப்பது என்ன? மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 2 சதவீத லிக்னோகைன் என்றால் மில்லிலிட்டருக்கு 20 மி.கி. 20 சதவீதச் சாறு என்றால் 200 மி.கி. பத்து மடங்கு பொருளை ஒரே இடத்தில் இறக்குகிறோம். அதில் நாம் தேடும் மூலக்கூறு துளிதான். மீதி சர்க்கரை, டானின், உப்புகள். உப்புகளில் முக்கியமானது பொட்டாசியம். இலையும் பூவும் பொட்டாசியத்தில் வளமானவை, தண்ணீரில் ஊறவைத்தால் அது கிட்டத்தட்ட முழுதும் இறங்கிவிடும். சாற்றின் உலர்ந்த எடையில் 5 சதவீதம் பொட்டாசியம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 20 சதவீதக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 10 மி.கி., அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 256 மில்லிமோல். திசுக்களைச் சுற்றியுள்ள திரவத்தில் இருப்பது 4 மில்லிமோல் அளவுதான். ஒரு சதவீதம் என்று குறைத்து வைத்தாலும் 50 மில்லிமோலைத் தாண்டும். அந்த அளவில் பொட்டாசியம் சூழ்ந்தால் எந்த நரம்பும் வாயடைத்துப்போகும். அதற்கு மூலிகை தேவையில்லை, பொட்டாசியம் குளோரைடு போதும். எனவே சாற்றில் உள்ள பொட்டாசியத்தைச் சுடர் ஒளிமானியில் அளந்து, அதே செறிவில் பொட்டாசியம் குளோரைடு கரைசலை இன்னொரு வட்டத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இந்தக் கருவி பெரும்பாலான மருந்தாக்கியல் கல்லூரிகளிலும் மண் பரிசோதனைக் கூடங்களிலும் இருக்கிறது. ஒரு மதிய வேலை. இந்த ஒப்பீடு இல்லாத நீர்ச்சாறு ஆய்வை நாங்கள் பாதி ஆய்வாகத்தான் பார்ப்போம்.

கரைப்பானும் சும்மா இருக்காது. வெறும் வடிநீரைத் தோலுக்குள் ஏற்றினாலே முதலில் எரிந்து, பிறகு சிறிது நேரம் மரத்துப்போகும். 1880-களிலேயே ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதை எழுதிவிட்டார். எனவே சாற்றை வடிநீரில் கரைத்து உப்புநீரோடு ஒப்பிடுவது செல்லாது. கடைகளில் கிடைக்கும் பல முறை எடுக்கும் உப்புநீர்ப் புட்டிகளில் கெடாமல் இருக்க 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் சேர்ப்பதுண்டு. அது தானே ஒரு மரப்பு மருந்து. ஒப்பீட்டுக் குழுவும் மரத்துப்போனால் காரணத்தை அங்கே தேடுங்கள். சாராயத்தில் எடுத்த சாறென்றால் மிச்சச் சாராயம் நரம்பைத் தாக்கும். டைமெதில் சல்பாக்சைடில் கரைத்தால் அந்தக் கரைப்பானுக்கே தனிக் குழு வேண்டும். பிஎச் அளவை 7 அருகே கொண்டுவந்து, கரைசலின் சவ்வூடு அழுத்தத்தையும் எழுதி வைக்க வேண்டும். உடல் திரவத்தின் அளவான 290 மில்லியாஸ்மோலுக்கு வெகுதூரம் மேலே போன கரைசல் திசுவைச் சுருக்கி வலியும் தரும், உணர்வையும் குழப்பும்.

தவளைச் சோதனையை அதிகம் விரிக்கவில்லை. மூளை நீக்கி, தண்டுவடத்தின் மேற்பகுதியை அழித்த தவளையின் வயிற்றைத் திறந்து, உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு, அந்தப் பையில் மருந்தை ஊற்றுவார்கள். காலுக்குப் போகும் நரம்புக் கற்றைகள் அதில் நனையும். பிறகு பாதத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தொட்டு, பத்து நொடிக்குள் இழுக்கிறதா என்று பார்த்து, உடனே கழுவுவார்கள். நரம்பின் மேலேயே மருந்தை ஊற்றுகிறோம். நரம்பைத் தொட்டால் மருந்து வேலை செய்யுமா என்ற கேள்விக்குத்தான் இது பதில். தோலின் தடை இதில் துளியும் இல்லை.

தோலின் கதைக்கு வருவோம். மேல்தோலின் உச்சியில் இறந்த செல்களாலான ஓர் அடுக்கு உண்டு, 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன். மரப்பு மருந்துகள் எல்லாம் திணறும் இடம் அதுதான். ஒப்பீட்டுக்கு வைத்த அதே 2 சதவீத லிக்னோகைன் கரைசலைக் காயமில்லாத தோலில் தடவிப் பாருங்கள், சொல்லும்படி ஒன்றும் நடக்காது. ஊசியில் 97 வாங்கிய மருந்து பூச்சில் தோற்கிறது. தோலைக் கடக்க வைப்பதற்காகவே லிக்னோகைன் 2.5, பிரிலோகைன் 2.5 சதவீதம் கலந்து, இரண்டும் சேர்ந்து எண்ணெயாக உருகும் வகையில் களிம்பு செய்தார்கள். அதையும் கெட்டியாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்தால்தான் குழந்தைக்கு வலியில்லாமல் ஊசி ஏற்ற முடியும். அங்கீகரிக்கப்பட்ட மருந்துக்கே இந்தப் பாடு என்றால், ஆட்டுக்கல்லில் அரைத்த பூ ஐந்து நிமிடத்தில் செய்துவிடும் என்பதை எப்படி ஏற்பது?

வாயின் உட்புறம், கண், திறந்த புண் ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை அல்லது மிகக் குறைவு. ஸ்பைலாந்தஸ் பூ நாக்கை மரக்கச் செய்வதும், பல் மருத்துவர் கிராம்பிலுள்ள யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துப் பல்லில் வைப்பதும் அதனால்தான் பலிக்கின்றன. ஆஸ்திரேலியாவில் மெரினோ ஆடுகளின் அறுவைப் புண்ணில் லிக்னோகைனும் புபிவாகைனும் கலந்த கரைசலைத் தெளிக்கிறார்கள். தோல் அறுபட்டபின் தெளிப்பதால் அது வேலை செய்கிறது. நம் ஊரிலும் கன்றின் கொம்பு நீக்கிய புண்ணுக்கோ மடிக் காம்பின் வெடிப்புக்கோ தாவர மருந்து தேடுவதில் அர்த்தம் உண்டு. அதற்குச் சோதனையும் புண்ணில் நடக்க வேண்டும், நல்ல தோலுக்குள் ஊசி போட்டு அல்ல.

உண்மையாகவே மேலே இட்டுச் சோதிக்கும் முறைகளில் பழையது கண்மணிச் சோதனை. கண்மணி என்று இங்கே சொல்வது கண்ணின் முன்புறமுள்ள தெளிந்த படலத்தை, அதாவது கார்னியாவை. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற மருத்துவர் கோக்கா இலையின் கோகைனை முதலில் தவளைக் கண்ணில் விட்டார், பிறகு முயல், நாய், கடைசியில் தன் கண். தாவரத்திலிருந்து வந்த மரப்பு மருந்தின் வரலாறே அந்தச் சொட்டில் தொடங்குகிறது. இன்று செய்வதானால் முயலுக்கோ கினிப்பன்றிக்கோ ஒரு கண்ணில் சாறும் மறு கண்ணில் கரைப்பானும் விடுவார்கள். அரை நிமிடம் கீழிமையை இழுத்துப் பிடித்து, மூக்கோரத்தை விரலால் அழுத்தாவிட்டால் மருந்து மூக்குக்குள் வடிந்துவிடும். இமைமயிரை முன்கூட்டியே கத்தரிக்க வேண்டும். மயிர் உரசினால் வரும் இமைப்பு, கண்மணி உணர்ந்த இமைப்பு என்று கணக்கில் ஏறிவிடும். தொடும் நூலையோ குறிப்பிட்ட விசை தரும் மெல்லிழையையோ பக்கவாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், நேரே வந்தால் பார்த்தே இமைக்கும். இமைப்பு நின்ற நேரம், திரும்பிய நேரம், பாப்பாவின் (கண்ணின் நடுவிலுள்ள கருந்துளையின்) அளவு, வெளிச்சத்துக்கு அது சுருங்குகிறதா என்பவை எல்லாம் குறிக்கப்பட வேண்டும். கோகைன் பாப்பாவை விரிக்கும், லிக்னோகைன் அப்படிச் செய்யாது. பாப்பா மாறினால் சாற்றில் வேறு ஏதோ வேலை செய்கிறது என்று பொருள்.

ஆனால் கண் எரிச்சலைத் தாங்காது. யூஜினால் மாதிரி எரித்து மரக்கச் செய்யும் பொருளைக் கண்ணில் விட்டால் கண்மணி மங்கும். இமைக்காததைப் பார்த்து வெற்றி என்று எழுதிவிட்டு, மறுநாள் மங்கலைப் பார்க்காமல் விடுவது கொடுமையும் தவறான அறிவியலும். எனவே கண்ணுக்குப் போகுமுன் தோலில் எரிச்சல் சோதனை முடிந்திருக்க வேண்டும். முடி நீக்கிய 6 சதுர செ.மீ. தோலில் 0.5 மி.லி., நான்கு மணி நேரம், கழுவியபின் 1, 24, 48, 72 மணியில் பார்வை என்பது பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் 404-ஆம் சோதனை வழிகாட்டி. அதிலேயே தோல் சிவந்து தடித்தால் கண்ணைத் தொடாதீர்கள். கண்ணில் பலித்தாலும் அது தோலுக்குச் சான்றாகாது, கண்மணியில் மேலே சொன்ன இறந்த அடுக்கு கிடையாது.

தோலுக்கென்றே சோதிப்பதானால் சுண்டெலியின் வால் வசதியானது. வால் நுனியின் சில செ.மீ. நீளத்தைக் கரைசலில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி, துடைத்து, ஒளிக் கதிரின் சூட்டைக் காட்டி, எத்தனை நொடியில் வாலை இழுக்கிறது என்று அளப்பார்கள். மருந்து இல்லாமல் 2 முதல் 4 நொடியில் இழுக்கும்படி விளக்கின் சூட்டை வைத்து, 10 நொடியில் கட்டாயம் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துபோகும். கிடைத்த நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்து, 10-இலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்ததால் வகுத்து, நூறால் பெருக்கினால் சதவீதம். இந்த முறையின் அழகு, அதே வாலின் மேல்பகுதி மருந்தில் நனையாமல் இருப்பது. அங்கேயும் இழுப்பு தாமதமானால் மருந்து ரத்தத்தில் ஏறி எலியை மந்தமாக்கியிருக்கிறது, பூச்சு மரப்பு அல்ல. நுனியில் மட்டும் தாமதம், மேலே இயல்பு என்றால்தான் மேற்பூச்சு வேலை செய்தது என்று சொல்லலாம். சாராயக் கரைசல் ஆவியாகும்போது வால் குளிரும், குளிர்ந்த வால் சூடாக அதிக நேரம் பிடிக்கும், அதுவும் மரப்பு போலவே தெரியும். வாலின் வெப்பநிலையை அளந்துவிட்டு விளக்கைப் போடுங்கள்.

விலங்கைத் தொடுவதற்கு முன் ஒரு படி இருக்கிறது, அதை ஏன் தவிர்க்கிறார்கள் என்று புரியவில்லை. ஃபிரான்ஸ் கலம் என்ற கண்ணாடிக் கலத்தில் பன்றிக் காதின் தோலைப் பொருத்தி, மேலே களிம்பு வைத்து, கீழே 32 டிகிரியில் தோலின் மேற்பரப்பு இருக்கும்படி திரவத்தைச் சுழற்றி, மணிக்கொரு முறை மாதிரி எடுத்தால், மூலக்கூறு தோலைக் கடக்கிறதா என்பது தெரிந்துவிடும். இறைச்சிக் கூடத்தில் காதை வெந்நீரில் முக்குவதற்கு முன்பே வாங்க வேண்டும், வெந்த தோல் சல்லடையாகி எதையும் விட்டுவிடும். ஸ்பைலாந்தஸின் செயல்பொருளான ஸ்பைலாந்தாலுக்கு இந்த வகைச் சோதனையில் நம்பிக்கை தரும் முடிவு ஏற்கெனவே இருக்கிறது. மூலக்கூறு எடை 221 தான், கொழுப்பில் கரைவது, மனிதத் தோலைக் கடப்பதாக ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே காரணத்தால் அது தண்ணீரில் கொஞ்சமே இறங்கும். மேலே பூசக் கூடிய பொருள் நீர்ச்சாற்றில் குறைவு, நீர்ச்சாற்றில் நிறைந்த பொட்டாசியமோ தோலைக் கடக்காது.

எனவே சாறு எடுக்கும் விதமே முடிவைத் தீர்மானிக்கிறது. ஸ்பைலாந்தால் பூத்தலையில்தான் அதிகம். நிழலில் உலர்த்தி, கரடுமுரடாகப் பொடித்து, 100 கிராமுக்கு ஒரு லிட்டர் 70 சதவீதச் சாராயத்தில் மூன்று நாள் ஊறவைத்து, 45 டிகிரிக்கு மேல் போகாமல் குறைந்த அழுத்தத்தில் வற்றவைப்பது பொதுவான வழி. வெயிலிலும் அடுப்பிலும் காய வைத்தால் இந்த நிறைவுறாத மூலக்கூறு சிதையும். கிடைத்த பசையின் எடை, அதில் ஒரு கிராமுக்கு எத்தனை மி.கி. ஸ்பைலாந்தால் என்பதைத் திரவ வண்ணப்படிவு முறையில் அளந்து எழுதாவிட்டால், அடுத்த ஆய்வகம் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வழியில்லை. செடியின் அடையாளமும் அப்படியே. அக்மெல்லா பேரினத்தில் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் செடிகள் பல, எல்லாவற்றுக்கும் ஸ்பைலாந்தஸ் அக்மெல்லா என்று பெயர் ஒட்டிய கட்டுரைகளும் உண்டு. கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென் மண்டல மையத்தில் உலர்மாதிரி கொடுத்துச் சான்று வாங்குவது சிரமமான காரியமில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தவிர்க்கக் கூடிய இடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது. பெரிய விலங்குக்குப் பதில் கினிப்பன்றி, முயல், தவளை, எலி போன்றவற்றில் அதே முடிவு கிடைக்குமானால் பெரியதைத் தொடாதே என்றும் சொல்கிறது. மரப்பு மருந்துச் சோதனையில் விலங்குக்கு வலி தெரிய வேண்டியிருக்கிறது, மயக்கி வைத்துச் செய்ய முடியாது. ஒரு கினிப்பன்றியின் முதுகில் நான்கு வட்டம் என்றால் 144 குத்து. தோலில் ரத்தம் வராத மழுங்கிய முனை, துடிப்பு வந்ததும் கையை எடுப்பது, அதே விலங்கைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாமை எல்லாம் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் படிவம் பி-யில் எழுதப்பட வேண்டும். குழுவில் இருப்பவர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: "தலைப்பில் மேற்பூச்சு என்று இருக்கிறதே, செய்முறையில் ஊசி இருப்பது ஏன்?" இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினால் சில விலங்குகளாவது பிழைக்கும்.

வாசகர்களுக்கும் ஒன்று. இத்தகைய செய்தியைப் பார்த்துவிட்டுக் கிராம்பெண்ணெயை நீர்க்காமல் ஈறில் தேய்ப்பவர்கள் உண்டு. அது முதலில் மரக்கும், பிறகு ஈறு வெள்ளையாக வெந்து உரியும். பச்சைப் பூவை அரைத்து மாட்டின் திறந்த புண்ணில் அப்பினால் மரப்போடு மண்ணிலுள்ள கிருமியும் சேர்ந்து போகும். பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் எந்த மரப்புப் பொருளையும் தாமாகத் தடவ வேண்டாம். பென்சோகைன் களிம்புகளை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாதென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறைந்துபோவதுதான் காரணம். இயற்கைப் பொருளுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு எதுவும் இல்லை.

தங்கள் செய்தியாளர்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. கல்லூரியிலிருந்து செய்திக் குறிப்பு வந்தால் கூடவே கட்டுரையையும் கேட்டு வாங்கி, செய்முறைப் பகுதியை மட்டுமாவது புரட்டச் சொல்லுங்கள். அங்கே "இன்ட்ராடெர்மல்" என்றோ "இன்ட்ராகியூட்டேனியஸ்" என்றோ (இரண்டுக்கும் தோலுக்குள் ஏற்றியது என்று பொருள்) இருந்தால், தலைப்பில் "பூசினால்" என்ற சொல்லைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர்கள் இருவர்,
மதுரை